ஈரம் காயாத தரை

அவிநாசி ரோட்டில் மரத்தரைப் பலகை விற்கும் கடைக்குள் ரித்விக் நுழைந்தபோது, அங்கே வேலை பார்த்த நந்திதாவுக்கு முதலில் கேட்டது அவனுடைய சிரிப்புதான். ஆறு வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் தன்னோடு சேர்ந்து சிரித்தாக வேண்டும் என்று கேட்கிற சிரிப்பு.

அவனோடு வந்தவர்கள் சூலூரைச் சேர்ந்த காளிச்சாமியும் அவர் மனைவி ராசாத்தாளும். காளிச்சாமிக்கு விசைத்தறிக் கூடம் இருந்தது. தோட்டத்துக்குள் ரித்விக் போட்ட பிளானில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ராசாத்தாளுக்கு முட்டிவலி. பெங்களூரில் இருக்கும் மகள் அக்ஷிதா வீட்டில் மரத்தரையில் ஒரு மாசம் நடந்துவிட்டு வந்ததிலிருந்து, டைல்ஸ் சில்லென்று இருக்கிறது, தனக்கும் மரத்தரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ரித்விக் நந்திதாவைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தான். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "இவங்க முன்னாடி என்கிட்ட ஜூனியரா இருந்தவங்கதான்" என்று அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தான்.

"ஆமாங்க சார்" என்றாள் நந்திதா.

இருவரும் ஒரே ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஃபால்ஸ் சீலிங் வரைந்தது அவள். தாங்கும் கம்பி இரண்டடிக்கு ஒன்று என்று போட்டிருந்தாள். நாலடிக்கு ஒன்று போதும், மாற்றிக் கொடு என்று ரித்விக் போனில் சொன்னான். சீனியர் சொல்கிறானே என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். சீலிங் விழுந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்கு முதுகெலும்பு முறிந்தது. விசாரணையில் ரித்விக், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். எழுத்தில் எதுவும் இல்லை. படத்தில் இருந்தது அவள் கையெழுத்து.

அதன்பின் கோயம்புத்தூரில் எந்த அலுவலகமும் அவளைச் சேர்க்கவில்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, மகள் ஆர்க்கிடெக்ட் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், சொந்தக்காரர் விசேஷங்களுக்குப் போவதையே விட்டார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவையும் நந்திதா ரித்விக்கின் தலையில்தான் போட்டிருந்தாள்.

அன்று கடையில் அவள் குரலில் எந்தக் கசப்பும் வெளிப்படவில்லை. பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்பினாள். வெட்டிய விளிம்பைக் காட்டி, மேலே இருப்பது அசல் மரம், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அடுக்குகள், அதனால் முழுமரத்தைப் போல இது எளிதில் முறுக்கிக்கொள்ளாது என்று விளக்கினாள். மேல்மரம் அரை மில்லி மட்டும் இருப்பவை மலிவு, ஆனால் ஒரு தடவைகூட இழைக்க முடியாது. நாலு மில்லி இருந்தால் இருபது வருஷம் கழித்தும் இழைத்துப் புதிதாக்கலாம். ரித்விக் சாம்பல் நிறத்தைப் பிடித்துக்கொண்டு இப்போது அதுதான் எல்லாரும் போடுவது என்றான். ராசாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு மாதிரித் தரையில் அங்குமிங்கும் நடந்து பார்த்தார். கடைசியில் தேன் நிற ஓக் மரப் பலகையின் மேல் நின்றுகொண்டு அசையவில்லை.

"இது போதுங்க. கால் வைக்கறதுக்கு இதமா இருக்குது" என்றார்.

நந்திதா அவருக்கு நல்ல மரத்தைத்தான் கொடுத்தாள். மரத்தில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் அளவெடுக்க சூலூருக்குப் போனாள். போத்தனூரிலிருந்து நரசிம்மலு வந்திருந்தார். தரை போடுவதில் முப்பது வருஷம் பழகிய கை. கூடத்தின் சிமெண்ட் தளம் பார்வைக்கு வெளுத்து, காய்ந்ததுபோலத்தான் இருந்தது. நரசிம்மலு ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நாலுக்குள் இருக்க வேண்டிய எண் ஏழு காட்டியது. தளம் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நடுவில் பத்து நாள் மழை. கிரகப்பிரவேசம் கார்த்திகையில், பத்திரிகை அடித்தாகிவிட்டது.

மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்த நிமிஷத்தில் நந்திதாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆறு வருஷம் தேடியது தானாக வந்து காலடியில் கிடக்கிறது என்று பட்டது.

அவளுக்கு ரித்விக்கைத் தெரியும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் யோசிப்பான். வீட்டுக்காரர் முன்னால், அதுவும் பழைய ஜூனியர் கேட்டால், உயிரே போனாலும் பின்வாங்க மாட்டான். ஆகவே காளிச்சாமியும் ராசாத்தாளும் கூடத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாக, தளத்தில் ஈரம் ஏழு காட்டுகிறது, கடை விதிப்படி காயும்வரை பொறுக்க வேண்டும், பொறுக்க வேண்டாமென்று சார் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்றாள். ஏதோ கிளார்க் வேலை போலச் சொன்னாள்.

ரித்விக் சிரித்தான். இதெல்லாம் கடைக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் காகிதம், அடியில் பாலிதீன் ஷீட் விரித்தால் ஒன்றும் ஆகாது, தான் எத்தனையோ வீடு பார்த்தவன் என்று காளிச்சாமியிடம் சொன்னான். பேனாவை வாங்கி, அவள் காகிதத்தில் குறித்திருந்த அந்த ஏழுக்குக் கீழேயே, தன் பொறுப்பில் தரை போடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

ராசாத்தாள் மட்டும் நந்திதாவின் பக்கத்தில் வந்து நின்றார். "ஏங்கண்ணு, ஈரம்னு சொன்னியே. அதுல ஒண்ணும் ஆயிப்போடாதுல்ல?"

ஒரு வார்த்தை போதும். ஆகும் என்றால் அந்தம்மா வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பார். நந்திதா மடித்த காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "சாரே சொல்லிட்டாருங்கம்மா. அவருக்குத் தெரியாததாங்க?" என்றாள்.

வெளியே வந்ததும் நரசிம்மலு அவளை மறித்தார். இதன்மேல் போட்டால் இரண்டு மாசம் தாங்காது, நல்ல மரத்தை எதற்குக் கொல்கிறீர்கள் என்றார். கையெழுத்து வாங்கியாகிவிட்டது, போடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பைக்கை எடுத்தார்.

கார்த்திகையில் கிரகப்பிரவேசம் நடந்தது. தரை தேன் ஊற்றியதுபோல மின்னியதாம். மார்கழி முழுதும் நந்திதா காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்ப்பாள். மண்ணுக்குள் வெங்காயம் பருப்பதைப்போல அந்தத் தளத்தின் ஈரம் பலகைக்குள் ஏறுவதை மனக்கண்ணில் பார்த்தபடி இட்லி தின்றாள், பஸ் ஏறினாள், கடையைத் திறந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தை பிறந்து ஐந்தாம் நாள் காளிச்சாமி கூப்பிட்டார்.

அவள் போனபோது ரித்விக் ஏற்கெனவே அங்கே இருந்தான். கூடம் முழுதும் பலகைகள் இரு ஓரமும் மேலெழும்பி, நடு குழிந்து, வரிசையாகக் கவிழ்க்காத ஓடுகளைப்போலக் கிடந்தன. சுவரோரத்தில் ஒரு பட்டை கூடாரம்போல் தூக்கியிருந்தது. அவளைக் கண்டதும் ரித்விக் ஆரம்பித்தான். மட்டமான சரக்கு, கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், ஈரத்தைப் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவே இல்லை.

சொல்லவே இல்லை. அதே வார்த்தை, அதே முகம்.

நந்திதா பையைத் திறந்தாள். காகிதத்தை எடுத்துக் காளிச்சாமியின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு ரித்விக்கிடம் நீட்டி, "இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்று கேட்டார்.

ரித்விக் காகிதத்தைக் கையில் வாங்காமல் பின்னால் நகர்ந்தான். காளிச்சாமி குரலை உயர்த்தவில்லை. அவன் முன்னாலேயே பல்லடத்திலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, அவர் மகன் வீட்டு வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். அடுத்து ஒரு பங்காளிக்கு. ஒவ்வொரு போனுக்கும் ரித்விக் ஒரு பிடி சிறுத்துக்கொண்டே போவதை நந்திதா கண்கொட்டாமல் பார்த்தாள். சூலூரிலிருந்து தாராபுரம்வரை இனி அவனுக்கு ஒரு வீடு கிடைக்காது. அவன் தலைகுனிந்து காருக்குப் போனபோது, அப்பா இருந்து இதைப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

உள்ளேயிருந்து ராசாத்தாள் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. நாலு நாளைக்கு முன் எழும்பிய பலகையில் கால் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்திருந்தது. இதை யாரும் நந்திதாவிடம் சொல்லியிருக்கவில்லை.

ராசாத்தாள் கணவரிடமிருந்து காகிதத்தை வாங்கி, அந்த ஏழைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு உன்னையக் கேட்டனே கண்ணு. இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் இப்போதுதான் ஒருவன் இதே கூடத்தில் நின்று அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"தெரியுங்கம்மா" என்றாள். மண்டபத்து சீலிங்கையும் விசாரணையையும் அப்பாவையும் நாலு வரியில் சொன்னாள். அழவில்லை.

ராசாத்தாள் கடைசிவரை கேட்டார். "அவன் உனக்குப் பண்ணுனது பாவந்தான். அதுக்கு எங்க ஊடுதானா உனக்குக் கெடச்சுது?"

நந்திதா பலகைகளைத் தானே நின்று பிரித்தெடுத்து, தளம் காய்ந்தபின் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். காளிச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராசாத்தாள் இடது கையை அசைத்து நிறுத்தினார். அதெல்லாம் வேண்டாம், டைல்ஸே போட்டுக்கொள்கிறோம், முட்டி வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும் என்றார்.

நந்திதா செருப்பை மாட்டிக்கொண்டு, வாரேங்கம்மா என்றாள். சூலூர்ப் பக்கத்தில் எதிராளியைக்கூட வாசல்வரை வந்து, போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள்.

ராசாத்தாள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"போ" என்றார்.