திம்பத்துக்கு அந்தப்பக்கம்

சீனாக்காரி பனியில் ஓடிக்கொண்டிருக்கிறாள், கால் வழுக்கி விழுகிறாள், எழுந்து மறுபடி ஓடுகிறாள், ரயில் நகர்ந்துவிட்டது, சன்னலில் ஒரு பையனின் முகம், கண்ணே என் கண்ணே என்று அவள் கத்துகிறாள், வாய் ஒரு பக்கம் போகிறது தமிழ் ஒரு பக்கம் போகிறது, மூக்கால் அழும் மதராஸ்காரி யாரோ குரல் கொடுத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே குறட்டை விடும் நேரத்தில் இப்படியொரு படத்தைப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள், வசந்தாமணிக்கு நிறுத்தவும் மனசில்லை, பார்க்கவும் திராணியில்லை. ரிமோட் பூபதியின் கையில் இருக்கிறது, பத்தொன்பது வயசு மகன், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு கண் கொட்டாமல் பார்க்கிறான், அவனும் மாற்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கதை. அதையே பிழைப்பாக வாழ்ந்தவளுக்கு ஓசியில் ஒருதரம் போட்டுக் காட்டுகிறார்கள்.

இவள் ஓடியபோது பனி எங்கே இருந்தது, மண்டையைப் பிளக்கும் வெயில், ஈரோட்டு மாரியம்மன் பண்டிகை, கோயில் முன்னால் நட்ட வேண்டுதல் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஈரச்சேலையோடு வரிசையில் நிற்கிறாள், மூன்று வயசுப் பிள்ளை இடுப்பில், முறை வந்ததும் அவனைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் குடத்தைத் தூக்குகிறாள், ஆத்தா என்ற புள்ளையக் காப்பாத்து என்றுதான் ஊற்றுகிறாள், வேறு என்ன கேட்டாள் அவளிடம், குடத்தை இறக்கிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். புருஷன் ராமசாமி தறிக்குப் போவதை விட்டுவிட்டுப் பிள்ளையின் போட்டோவை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஒட்டினான், சேலம், திருச்சி, மதராஸ், பம்பாய் வரைக்கும் போனான், போன இடமெல்லாம் பசை வாளியும் கையுமாக நின்றான், கடைசியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை இருந்ததோ திம்பம் மலைக்கு அந்தப்பக்கம், கொள்ளேகாலை ஒட்டிய ஒரு கிராமத்தில், காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சீனாக்காரி மகனைக் கண்டுபிடித்துவிட்டாள், பள்ளிக்கூட வாசலில் கட்டிக்கொண்டு அழுகிறாள், அவனும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறான், பின்னால் ஒரே வயலின், பேர் பேராக எழுத்து ஓடுகிறது, முடிந்துவிட்டதாம். போங்கடா போக்கத்தவனுகளே, ஆரம்பமே இங்கேதானடா. எந்தப் பிள்ளை ஓடிவந்து ஒட்டிக்கொண்டது, எட்டு வருஷம் கழித்துத் துப்புக் கிடைத்துப் போனால் பதினோரு வயசுப் பூபதி கொள்ளேகால் போலீஸ் ஸ்டேஷனில் கெம்பம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கெம்பம்மாதான் அவனைப் பண்டிகைக் கூட்டத்திலிருந்து தூக்கிப்போனவள், பிள்ளையில்லாதவள், நஞ்சுண்டா என்று பேர் வைத்து வளர்த்திருக்கிறாள், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வா அவ்வா என்று கத்துகிறான், அவன் கன்னடத்தில் அம்மா அவள்தான், அவள் மயங்கி மண்ணில் சாய்கிறாள், தண்ணீர் தெளித்தும் எழவில்லை, அப்படியே ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். சாவட்டும் என்று நினைத்தாள் வசந்தாமணி, நினைத்ததை இன்றைக்கும் இல்லையென்று சொல்லமாட்டாள்.

மூன்றாம் நாளே குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், காணாமல் போனபோது இறக்காமல் நின்றுபோன முதல் முடி, நேர்ந்துகொண்டது பாக்கி இருந்தால் சாமி சும்மா விடுமா, பையனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் கன்னடம் தெரியாது என்று சொல்வதைவிட யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் நிஜம், அவளுடைய அண்ணன் மடியில் அமுக்கி உட்காரவைத்துக்கொண்டான், மொட்டையடித்து, கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, புது வெள்ளை வேட்டியைச் சுற்றிவிட்டார்கள், அவன் தரையில் புரண்டு அழுத அழுகையில் பொங்கல் வைக்க வந்த பொம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பயந்துக்கறான் புள்ள, நாளாவட்டத்துல சரியாப் போயிரும் என்றான் அண்ணன். சரியாகத்தான் போனது. அன்றோடு அழுகை நின்றது, கெம்பம்மா என்ற பேரையே அவன் எடுக்கவில்லை, எங்கே இருக்கிறாள், என்ன ஆனாள், ஒரு வார்த்தை, ம்ஹூம், பாத்தீங்களா, ரத்தம்னா சும்மாவா, அவளச் சுத்தமா மறந்துட்டான் என்று சொந்தக்காரர்களிடம் எத்தனைமுறை பீற்றிக்கொண்டிருப்பாள். ஒரு குறைதான், இவளை அவன் அம்மா என்று கூப்பிட்டதில்லை, சோறு போடுங்க, ஏனுங்க இங்க வாங்க, போயிட்டு வர்றனுங்க, அவ்வளவுதான், வீட்டுக்காரம்மாவிடம் பேசுகிற மாதிரி மரியாதை, மறந்தவன் கூப்பிடாமலா போய்விடுவான் என்று தினமும் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறாள்.

அந்தப் பையன வளத்துனவ என்னானான்னு காட்டவே இல்லீங்களே, என்றான் பூபதி, டிவியை அணைத்துவிட்டு. காட்டுனா எவன் பாப்பான் கண்ணு, என்றாள் அவள். அவன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு மொட்டையடிச்சாங்கல்ல, அன்னிக்கே நான் புரிஞ்சுக்கிட்டனுங்க, அவ்வா செத்துட்டாங்கன்னு. என்ன கண்ணு சொல்றே. எங்க ஊர்ல பக்கத்து வூட்டு மாதேவனுக்கு அவங்கம்மா செத்தப்ப இப்படித்தானுங்க, மொட்டையடிச்சு, தண்ணி ஊத்தி, வெள்ள வேட்டி கட்டுனாங்க, ஜீப்புல கொண்டுபோனப்பவே அவங்களுக்கு மூச்சுப்பேச்சு இல்ல, யாரும் வாயத் தொறந்து சொல்லல, நானா தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க மேல அத்தன ஆத்தரம் இருந்தும் மகன் செய்யவேண்டியத என்னயச் செய்ய வுட்டீங்களே, அத நான் மறக்கவே இல்லீங்க. ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில அப்பாவுக்குத் திதி குடுக்கறப்ப அவங்களுக்கும் சேத்துத்தான் குடுத்துட்டு வர்றேன், உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு, வருத்தப்படுவீங்கன்னு. நாளைக்கு அமாவாசைங்களே, இந்தத்தடவ நீங்களும் வாங்கம்மா.

அம்மா. எத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்த வார்த்தை, இப்படியா வந்து சேரவேண்டும், சந்தோஷப்படக்கூட விடாமல். கெம்பம்மா கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கிறாள், ஜெயிலிலிருந்து வெளியே வந்து அதே கிராமத்தில் ஆடு மேய்க்கிறாள், அந்தப்பக்கம் போய்வருகிற மஞ்சள் வியாபாரி சொன்னான், பையன் நல்லா இருக்கானான்னு மட்டும் கேட்டாளாம், இவள் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டாள். அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, அவன்தான் கேட்கவே இல்லையே, மறந்துவிட்டான் என்று இவள் குளிர்ந்துகொண்டிருந்தாள், அவன் உள்ளுக்குள் கருமாதி நடத்திக்கொண்டிருந்திருக்கிறான். இருக்காடா கண்ணு, உசுரோடதான் இருக்கா, இவ்வளவுதான் சொல்லவேண்டும், நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சொன்னால் பொழுது சாய்வதற்குள் சத்தியமங்கலம் பஸ்ஸில் இருப்பான், அப்புறம் திம்பம், அப்புறம் அவ்வா. சொல்லாவிட்டால் அம்மா. அன்றைக்குப் பண்டிகைக் கூட்டத்தில் அந்தப் பாவி முண்டையும் இப்படித்தான் ஒரு நொடி நின்றிருப்பாள், அக்கம்பக்கம் பார்த்திருப்பாள், பாவம் என்று தெரிந்திருக்கும், தெரிந்துதான் தூக்கியிருப்பாள், இவ்வளவு காலமும் காறித் துப்பிய அந்த நொடி வசந்தாமணிக்கு இப்போது நன்றாகவே புரிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள், அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

வர்றேன் சாமி, என்றாள், எள்ளு வாங்கோணுமல்ல.

வாங்கி வெச்சுட்டனுங்கம்மா, என்றான்.