மண்மேட்டில் நின்றவர்

"அந்தத் தாத்தா ஏம்மா மண்மேட்டு மேல நிக்கிறாரு? என்ன தப்புப் பண்ணாரு?"

அகழாய்வில் மண் சலிக்கும் சல்லடைக்காரியிடம், அவள் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்ட கேள்வி. அகழாய்வுக் குழிக்குள் ஓடி இறங்கி, பாதி தெரிந்த பழம்பானையை மிதித்து உடைத்தது அந்தப் பிள்ளைதான். "என் கால்தான் பட்டுச்சு" என்று பழியை ஏற்றவர் குழி தோண்டும் பெரியவர். இல்லாவிட்டால் அன்றோடு சல்லடைக்காரியின் பிழைப்பில் மண் விழுந்திருக்கும்.

தவறு செய்தவர் சாப்பாட்டு வேளை முழுவதும், தோண்டிக் கொட்டிய மண்மேட்டின் உச்சியில் வெயிலில் நிற்க வேண்டும். மேஸ்திரி வைத்த சட்டம் அது. மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை மேஸ்திரி குறித்துக்கொள்வார்.

கூர்மையான கண்ணுக்காகக் 'கழுகு' என்று பெயரெடுத்த பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அவர் பார்த்துக் கழித்த மண்ணை மேட்டடியில் நின்று சலிப்பது சல்லடைக்காரியின் வேலை. அவர் தவறவிட்டவை இரண்டு முறை அவள் சல்லடையில் சிக்கின. மேஸ்திரி பக்கத்திலேயே நின்றதால் மறைக்க முடியவில்லை. இரண்டு முறையும் பெரியவர் மேட்டில் ஏறி நின்றார்.

"என்ன கழுகு, கண்ணை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தியா? இன்னும் ஒண்ணு மண்ணுல கிடைக்கட்டும், நீ மூட்டையைக் கட்டு!" மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "நல்லா தேடும்மா. அவன் இடம் உனக்குத்தான். கூரை போட்ட குழி. இந்தத் தூசியில இருமிச் சாக வேணாம்."

"பெத்த மகனே துரத்திட்டான். இங்கயும் வேலை போனா எங்க போவாரு?" என்றாள் அவள்.

"கழுகுக்கு ஆகாயம் இருக்குல்ல!" என்றான் கூடை சுமப்பவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சல்லடையில் சிவப்பாக ஒரு கல்மணி கிடைத்தது. சட்டென்று கையை மூடிக்கொண்டாள். இருமல் நெஞ்சைப் பிய்த்தது. கூரையின் நிழல் கண்ணில் ஆடியது. 'ஆண்டவனே, என் கையைப் பிடிச்சுக்கோ' என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு விசில் ஊதியதும் எல்லோரும் கை கழுவப் போனார்கள். குழியின் விளிம்பில், பெரியவர் இன்னும் கையால் துழாவிப் பார்க்காத ஒரு கூடை மண் இருந்தது. அதே குழியின் மண்தான்.

மங்கிய கண்ணுக்கும் தெரிய வேண்டுமே என்று, மணியை முந்தானையால் பளபளவெனத் துடைத்து, பாதி வெளியே தெரியும்படி கூடையில் பதித்தாள். பிறகு மேட்டடிக்குத் திரும்பி, இருமிக்கொண்டே சல்லடையை எடுத்தாள்.