ஒரே அம்மாவுக்கு இரண்டு கணக்கு

எங்கள் ஜூயிஸ் டி ஃபோரா ஊரில் வருமான வரிக் கணக்கைக் கடைசி நாளில், ஒரு கையில் பீரும் மறு கையில் போனுமாகத் தாக்கல் செய்கிற புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் புண்ணியத்தில்தான் வரிக் கணக்குப் பார்க்கிற என் அலுவலகம் ஓடுகிறது. ஆகஸ்ட் பிறந்ததும் வரித்துறையின் சோதனைச் சல்லடையில் மாட்டிக்கொண்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டபடி வந்து நிற்பார்கள்.

எவெரால்டோவும் அவன் அக்கா இவோனெட்டெயும் அப்படித்தான் வந்தார்கள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தனித்தனியாக வந்து என் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"மேடம், கம்ப்யூட்டர்தான் தப்பு பண்ணிடுச்சு," என்றான் எவெரால்டோ.

கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணவில்லை. அம்மா ஜுல்மிராவைத் தன் பராமரிப்பில் இருப்பவர் என்று இரண்டு பேருமே எழுதியிருந்தார்கள். ஒரு ஆளை ஒருவர்தான் காட்டலாம். அது போதாதென்று, அவன் அம்மாவின் பல் வைத்தியத்துக்குச் செலவழித்ததாகவும், இவோனெட்டெ அம்மாவின் முட்டி வைத்தியத்துக்குச் செலவழித்ததாகவும் வருமானத்தில் கழித்திருந்தார்கள்.

"ரசீது எங்க?"

"என் கூட்டாளி டென்டிஸ்ட். எத்தனை வேணும்னாலும் தருவான்," என்றான், பெருமையாக! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. சம்மன் வர்றதுக்குள்ள திருத்திக் குடுத்தா, விட்ட வரியும் வட்டியும் கொஞ்சம் அபராதமும் கட்டிட்டுத் தப்பிச்சுக்கலாம். சம்மன் வந்துட்டா திருத்தவே முடியாது. அபராதத்துலயே முதுகு ஒடிஞ்சிடும். யாராவது ஒருத்தர் இன்னைக்கே கணக்குல இருந்து அம்மாவை எடுத்துடுங்க."

"அவன் எடுக்கட்டும். அம்மாவை உயிரா நினைக்கிறவ நான்."

"உயிரா? முட்டிக்கு ஒரு தைலமாவது வாங்கிக் குடுத்தியா நீ?"

"டேய், வாயை மூடு. அம்மா வாயில இருக்கிற பல்லை விட உன் ரசீதுல பல்லு ஜாஸ்தி!"

பாசம் பொங்கி வழிந்தது. வரிச் சலுகை இருக்கிற இடத்தில் பாசத்துக்கு என்ன குறைச்சல்? இந்தக் கூத்தை முடிக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"சரி, அம்மா இப்ப யார் வீட்ல இருக்காங்களோ, அவங்க வெச்சுக்கோங்க. யார் வீட்ல இருக்காங்க?"

இவோனெட்டெ தம்பியைக் காட்டினாள். அதே நேரத்தில் எவெரால்டோ அக்காவைக் காட்டினான்.

"உன்கிட்டதானே இருக்கு?" என்றாள் அக்கா.

"என்கிட்டயா? அம்மா வீட்டை வித்ததும் நீதானே கூட்டிட்டுப் போனே?"

எவெரால்டோவின் போனைப் பிடுங்கி, அவன் அம்மாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். போன் திரையில் பார்த்தேன்: கடைசியாக அவன் பேசியது மே மாதம், அன்னையர் தினத்தன்று. அதுவும் ஒரு நிமிஷம்தான்.

"என்னப்பா, இன்னைக்கு அன்னையர் தினம் இல்லையே?" என்றது ஜுல்மிராவின் குரல். பின்னால் ரேடியோவும், எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தமும் கேட்டன.

"அம்மா, எங்கம்மா இருக்கே?" இவோனெட்டெ கத்தினாள்.

"பார்பசேனாவுல. என் வீட்ல. எனக்கும் ஒஸ்மாருக்கும் போன வருஷம் கல்யாணம் ஆச்சு. எங்க இருக்கேன்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன்."

என் பெயரைச் சொல்லி விஷயத்தை விளக்கினேன். அவள் சிரித்தாள். அதில் துளிக்கூட வருத்தம் இல்லை.

"ஒஸ்மார் தன் கணக்குல என்னைக் காட்டியிருக்கார் மேடம். காய்ச்சல் வந்தா கஞ்சி வெச்சுத் தர்றவர் அவர். ரெண்டு பேர் கணக்குல இருந்தும் என்னை எடுத்துடுங்க. பல்லு, முட்டி எல்லாத்தையும் சேர்த்து எடுங்க. வீட்டு விலாசம் வேணும்னா பிள்ளைங்களைக் கேக்கச் சொல்லுங்க, சொல்றேன்."

விலாசம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பேனாவைத் திறந்து, ஒரு காகிதத்தோடு இருவர் முன்னாலும் நகர்த்திக்கூட வைத்தேன். எவெரால்டோ போனை எடுத்து, "அப்புறம் பேசறேன்மா," என்று அணைத்தான்.

"மேடம், அந்த ஒஸ்மாரை எடுக்கச் சொல்ல முடியாதா?" என்றாள் இவோனெட்டெ.

"முடியாது."

"அப்ப எவ்வளவு கட்டணும்?"

சொன்னேன். இருவரும் அந்தக் காகிதத்தில் தொகையைக் குறித்துக்கொண்டு, ஆளுக்குப் பாதியாகக் கிழித்து எடுத்துப் போனார்கள்.