சொல்லாமல் கிளம்பியவர்

அந்த லாட்ஜின் கேட்டைத் திறக்கச் சென்னியப்பனுக்குக் கையே வரவில்லை. மூன்று வருடம் கழித்தும் அதே பச்சைப் பெயிண்ட், அதே கிறீச் சத்தம். இந்தத் தெருப் பக்கம் இனித் தலைவைத்தும் படுப்பதில்லை என்றிருந்தவர் அவர். என்ன செய்வது? மகள் பிரவீனாவைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரத்தில் வேறு லாட்ஜ் கிடையாது.

தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே பிரஷர் ஏறிக் காலெல்லாம் வீங்கிவிட்டது. கிணத்துக்கடவு டாக்டர் பார்த்துவிட்டு, உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை மனோஜ்குமார் வேலையாகப் பம்பாய் போனவர், சேதி கேட்டு ரயிலேறியிருந்தார். துணைக்கு வரவேண்டிய சென்னியப்பனின் தங்கை நாச்சியம்மாளுக்கு அம்மை போட்டிருந்தது. ஆக, அவர் ஒற்றை ஆள். பிரசவ வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். உள்ளே ஆயா பார்த்துக்கொண்டாள், இவர் வராந்தாவிலும் லாட்ஜிலுமாக அல்லாடினார்.

லாட்ஜ் என்றதும் நீங்கள் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. சாய்பாபா காலனிக்குள் நாலு சந்து திரும்பினால் வருகிற ஒரு சாதாரண மாடிவீடு. ஜாஹிதா என்கிற அம்மாள், கணவர் தவறிய பிறகு மாடியில் ஐந்து அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். அறைக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு பிளாஸ்டிக் வாளி. பிள்ளைகள் ஸ்கூலுக்கும் பெரியவர்கள் ஆபீசுக்கும் போனபின் பகல் பதினொரு மணிக்கே தெரு வாயை மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் தூக்கிப் போடும்.

"நாலாம் நம்பர் மட்டுந்தானுங்ண்ணா காலியா இருக்குது" என்றார் ஜாஹிதா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

நாலாம் நம்பரா! சென்னியப்பன் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி சென்னியம்மாள் அதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தபோது, அவர் தங்கியிருந்தது இந்த அறையில்தான். ஒரு காலையில், "போய்த் தண்ணி வாத்துட்டு வாங்க, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது" என்று அவள்தான் அனுப்பிவைத்தாள். இவர் குளித்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

அன்று அவர் செய்த தப்பு இருக்கிறதே, அது எங்கள் பக்கத்து ஆளால் மட்டுமே செய்யக்கூடியது. சாவு நடந்த இடத்திலிருந்து கிளம்பும்போது யாரும் யாரிடமும் 'வாரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கோயமுத்தூர்க்காரனின் மரியாதை இருக்கிறதே, அது எழவிலும் அடங்காது. மச்சினன் ரங்கராஜ் பிணவண்டியோடு வாசலில் நிற்க, பையை எடுக்க வந்த சென்னியப்பன் ஜாஹிதாவைப் பார்த்துக் கும்பிட்டு, "அப்ப நாங்க போயிட்டு வாரோமுங்க" என்று சொல்லித் தொலைத்தார். அந்த அம்மாளும் பழக்க தோஷத்தில், "வாங்கண்ணா" என்றுவிட்டார்.

"உங்களுக்குக் கூறு இருக்குதா மாமா? சாவுகிட்டயே திரும்ப வாரேன்னு சொல்லிப்போட்டு வர்றீங்களே!" என்று ரங்கராஜ் ஊர் போய்ச் சேரும்வரை வைதான். சென்னியப்பன் மனத்தில் அது முள்ளாகத் தைத்துப்போனது.

இப்போது அதே ஆஸ்பத்திரி, அதே அறை. உள்ளே மகள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பூட்டைத் திறந்தார். கட்டிலில் சுருட்டிப் போட்டிருந்த ஈரத்துண்டு, சன்னல் கம்பியில் விரித்துக் காயப்போட்டிருந்தது. சாவியோ அவர் இடுப்பில். நாமேதான் போட்டிருப்போம், தூக்கமில்லாத மண்டை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை குளிக்கும்போது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முப்பது வருடப் பழக்கத்தில், "சோப்பு எங்க?" என்று சத்தம் போட்டார்.

"சன்னல் மேல இருக்குதுங்க" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மனிதர் கை நீட்டி எடுத்து முகமெல்லாம் தேய்த்துக்கொண்டார். நுரை கண்ணை மூடியபிறகுதான் உறைத்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தபோது அறையில் யாருமில்லை. ஆனால் எச்சிலாக மூலையில் கிடந்த, மகளுக்குக் கஞ்சி கொண்டுபோகும் பிளாஸ்க், கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

கீழே ஓடிப்போய், "அம்மணி, என்ற ரூமுக்குள்ள யாராச்சும் வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்ண்ணா. சாவி உங்ககிட்டத்தானுங்களே?" என்ற ஜாஹிதா, அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எனக்கும் ரெண்டு நாளா மனசு சரியில்லைங்க. மேல வளையல் சத்தம் கேக்குது. நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

போதாதா? சென்னியப்பன் முடிவே கட்டிவிட்டார். வந்திருப்பது அவள்தான், வரச்சொன்னது தன் வாய்தான், வந்தது மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான். அறைக்குள் வந்து வெற்றுக் கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார். "ஏ புள்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும், அவள உட்டுரு. வேணும்னா என்னக் கூட்டிட்டுப் போ." கட்டிய மனைவியிடம் பயந்து நிற்கிறோமே என்று ஒருபக்கம் அழுகையாக வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. அன்று சொல்லிக்கொண்டு போனதால்தானே வினை? இன்று சொல்லாமல் போய்விட்டால்? மூன்று வருடம் தள்ளியாவது முறைப்படி கிளம்பிவிட்டால் அவளும் இந்த இடத்தை விட்டுவிடுவாள். மகள் தப்பிப்பாள். சிங்காநல்லூரில் பழைய சிநேகிதர் கோவிந்தராஜுலு வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம்.

மத்தியானம் ஜாஹிதா தொழுகையில் இருந்த நேரம் பார்த்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, பையோடு இறங்கினார். கேட்டைக்கூடச் சாத்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து பஸ்ஸேறிவிட்டார். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிங்காநல்லூரில் கோவிந்தராஜுலு வீட்டில் பூட்டுத் தொங்கியது. குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டார்களாம். படியில் உட்கார்ந்தபோதுதான் மனிதருக்குப் புத்தி வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கொடுத்திருந்தது லாட்ஜ் போன் நம்பர் ஒன்றைத்தான். அங்கே அவர் இல்லை. எங்கே போனார் என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆளும் இல்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி லாட்ஜுக்குப் போன் போட்டார். எடுத்த ஜாஹிதா கத்தினார். "எங்கண்ணா போயிட்டீங்க? ரெண்டே முக்கால்ல இருந்து மூணு தடவ ஆஸ்பத்திரில இருந்து போனு. பிரவீனாவுக்கு வலிப்பு வந்துருச்சாம். உடனே ஆபரேசன் பண்ணோணுமாம், சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமாம். நானாவது போலாம்னு கெளம்பிட்டிருக்கறேன்!"

மணி நாலே கால். ஆட்டோவில் உட்கார்ந்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். பெண்டாட்டி சாகும்போதும் பக்கத்தில் இல்லை, மகளுக்கு ஒரு கையெழுத்துப் போடவும் இல்லை. நானெல்லாம் ஒரு மனுசனா என்று வாய்விட்டே சொன்னார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடியேறினார். வாசலில் நின்ற நர்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கய்யா, பேத்தி பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சென்னியப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்து ஜாஹிதாம்மா போட்டாங்களா? அந்த மகராசி நல்லா இருக்கோணும்" என்றார்.

"நான் இப்பத்தானுங்ண்ணா வாரேன், ஊட்டப் பாத்துக்க ஆளு வந்தப்பறந்தான் கெளம்ப முடிஞ்சுது" என்று மூச்சிரைக்கப் பின்னால் படியேறி வந்துகொண்டிருந்தார் ஜாஹிதா.

நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்காரம்மாதானுங்கய்யா போட்டாங்க. மூணு மணிக்கே வந்து நின்னாங்களே?" என்று அட்டையில் செருகியிருந்த தாளை நீட்டினாள். சம்மதப் படிவத்தின் அடியில், எழுத்துக்கூட்டி எழுதியதுபோல், 'சென்னியம்மாள், தாய்' என்றிருந்தது. ஜாஹிதா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொழந்த அழுத சத்தம் கேக்கற வரைக்கும் அந்தக் கதவுகிட்டயே நின்னாங்க. உள்ள வந்து பாருங்கம்மான்னேன். 'மொதல்ல எங்க ஊட்டுக்காரரு பாக்கட்டும் கண்ணு. நானிருந்தா அவிய பயப்படறாங்க'ன்னு சொல்லிப்போட்டு எறங்கிட்டாங்க. இப்பத்தான், ரெண்டு நிமிசங்கூட ஆகல."

சென்னியப்பன் எழுந்தார். எங்கிருந்து பலம் வந்ததோ, படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார். சாயங்கால வெயிலில் ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். புடவை கட்டிய ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு, "ஏ சென்னியம்மா! பேத்தியப் பாத்துட்டுப் போ புள்ளே! எனக்குப் பயமில்ல, எனக்கு ஒரு பயமும் இல்ல!" என்று கத்தினார். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.