பீங்கான் கோழிக்கு அடியில்

ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம் தையல்காரி தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும், பாவம். அந்தப் பெருமைக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் ஆயுசு.

கூடத்தில் இருந்த எதுவும் புதிது கிடையாது. ஜன்னல் திரை, யாரோ கழித்துப்போட்ட மஞ்சள் மேஜைவிரிப்பை வெட்டித் தைத்தது. வாய் உடைந்த பால் ஜாடியில் வசந்தத்தின் முதல் பூக்கள். வெள்ளை பெயின்ட் அடித்த பறவைக்கூண்டுக்குள் பறவைக்குப் பதிலாகச் சாயம் தோய்த்த முட்டைகள். ஒற்றைக் காது தகர முயல். எல்லாம் மூன்று மாதமாகப் பழைய சாமான் கடையைத் துழாவோ துழாவென்று துழாவி எடுத்து வந்தவை. "எந்த வீட்ல யார் செத்தாங்களோ, அந்தச் சாமானையெல்லாம் கொண்டுவந்து அடுக்கறீங்களே அண்ணி" என்று நாத்தனார் முகத்தைச் சுளிப்பாள். நாளைக்கு விருந்துக்கு வரப்போகிறவளும் அவள்தான். வாயடைத்துப் போகட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

மேஜை நடுவில் பீங்கான் கோழி. அதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. கோழிதான் மூடி. அதைத் தூக்கினால் கீழே கூடை மாதிரி ஒரு கிண்ணம். பழைய படுக்கைவிரிப்பு மூட்டைக்குள் கிடந்தது. கிண்ணத்துக்குள் பழுத்துப்போன மெல்லிய காகிதம் ஒன்று கசங்கித் திணித்திருந்தது. உடையாமல் இருக்க வைத்தது போலிருக்கிறது என்று நினைத்து, கோழிக்கூடு மாதிரியே இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டு, அதன்மேல் சர்க்கரை முட்டை மிட்டாய்களை அடுக்கினாள். பேக்கரியில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் பண்டிகைக் கூட்டம் தலைக்கு மேல் இருந்ததால், மூன்றரை வயது மகளை, பட்டாணி என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த வாண்டை, காலையிலேயே இங்கே விட்டுப் போயிருந்தாள். தையல் வேலை முடிகிற வரைக்கும் குழந்தை தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டுமே.

"கோழிக்கு அடியில இருக்கறது எல்லாமே பட்டாணிக்குத்தான்" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் மிஷினில் உட்கார்ந்திருந்தாள் அத்தைக்காரி. எல்லாமே என்றால் எல்லாமேதான். குழந்தைகள் நம்மைப் போல அரைகுறையாகக் காதில் வாங்குவதில்லை.

தைத்து முடித்து, மத்தியானம் அவள் கூடத்தை ரசித்துக்கொண்டு நின்றபோதுதான் கதவைத் திறந்துகொண்டு அவள் வீட்டுக்காரர் வந்தார். பிளம்பர். ஊரான் வீட்டுச் சாக்கடையில் மூக்கை விட்டு வேலை பார்க்கிறவருக்கு அந்த மூக்கு எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"என்ன, வீடே பீரோ வாசனை அடிக்குது?"

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு வாசனை. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவளுக்குத் தெரியாதுதான். இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டியிலும் பரணிலும் கிடந்த துணிகளைப் பிரித்துத் தைக்கிறாள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துணிக்கு நடுவில் போடுகிற அந்துருண்டை வாசனை அவளுக்கு வாசனையே இல்லை, காற்றோடு காற்று. அந்த ஒரு வாசனைக்கு மட்டும் அவள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

பட்டாணி மேஜைக்கு அடியிலிருந்து ஓடிவந்து மாமாவின் காலைக் கட்டிக்கொண்டது. அவர் தூக்கினார். முகத்தோடு முகம் வைத்தவர், அப்படியே நின்றார்.

"இவ வாயிலதான் அடிக்குது."

தையல்காரி ஓடிவந்தாள். குழந்தையைப் பிடுங்கி, வாயைத் திறக்கச் சொல்லி மூக்கை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். குழந்தையின் வெதுவெதுப்பான மூச்சுதான் வந்தது. தன் மூக்கைத் தானே பிய்த்து எறியலாம் போல இருந்தது. மேஜைக்குப் போய்க் கோழியைத் தூக்கினாள். மிட்டாய் ஒன்றுகூட இல்லை. காகிதம் கிழிந்திருந்தது. அதற்கு அடியில், சர்க்கரை முட்டை மாதிரியே, வெள்ளை வெளேரென்று மூன்று உருண்டைகள். மேஜைக் காலடியில் நாலாவது, எச்சில் ஈரத்தோடு, பல் பதிந்து.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒன்றாக ஓடின. அடுப்படிக்குப் பாய்ந்து ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு வந்தாள். பிளம்பர் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தார்.

"பால் குடுக்காதீங்க" என்றது ஒரு நர்ஸின் குரல், இவள் நிற்பதைப் பார்த்த மாதிரி. "எண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொழுப்பு சேர்ந்தா உடம்புல சீக்கிரம் ஏறும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. எத்தனை உள்ள போயிருக்கு?"

எத்தனை? யாருக்குத் தெரியும்? யாரோ, எப்போதோ, எந்த வீட்டிலோ போட்டு வைத்தது. டம்ளரை அவள் தொப்பென்று வைத்ததில் பால் மேஜையெல்லாம் சிந்தியது. "கண்ணு, எத்தனை சாப்பிட்டே?" என்று பிளம்பர் கேட்டார். "ஒம்போது" என்றது பட்டாணி பெருமையாக. அதற்குத் தெரிந்த பெரிய எண் அதுதான்.

அப்போதுதான் தையல்காரியின் கண்ணில் கிண்ணத்தின் உள்ளடி பட்டது. பழைய பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. வெல்வெட்டை அவளுக்குத் தெரியும். ஒரு பாரம் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த இடத்து மயிர் படிந்து போகும், பிறகு லேசில் எழும்பாது. காகிதத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்து, விரல் நுனியால் தடவினாள். ஒரு குழி. இரண்டு. மூன்று. நாலு. ஓரத்தில் இன்னொன்று.

"அஞ்சு" என்றாள். "நாலுதான் இருக்கு. ஒண்ணக் காணோம்ங்க."

சோபாவைத் தள்ளினார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். குழந்தையின் பையையும் செருப்பையும் உதறினார்கள். தகர முயல் விழுந்து, இருந்த ஒற்றைக் காதும் நசுங்கியது. அஞ்சாவது எங்கேயும் இல்லை. அப்படியானால் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் பட்டாணியின் வயிற்றைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் குழாய்கள் கடகடவென்று உருண்டன. மடியில் குழந்தை, ஜன்னலில் போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தது. 'ஆண்டவரே, எனக்கு என்ன வேணும்னாலும் வரட்டும், இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது' என்று அவள் உள்ளுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். தூக்கம் வருகிற மாதிரி குழந்தை கண்ணைக் கசக்கினால்கூட அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினாள். நக்கித் துப்பியதால் பெரிசாக ஒன்றும் ஆகாது. முழுசாக ஒன்று உள்ளே போயிருந்தால் ரத்தத்தைக் கெடுக்கும். அது இன்றைக்கே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டலாம். ஒன்றுக்குப் போகும்போது நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்றினாள். "அத்தை, வலிக்குது, எடுக்கச் சொல்லு அத்தை" என்று குழந்தை அழுதது. கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்ததே அத்தைதான்.

சேதி கேட்டு நாத்தனார் பேக்கரியிலிருந்து ஓடிவந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. அவளைப் பார்த்ததும் தையல்காரி ஓரடி பின்னால் நகர்ந்தாள். டாக்டருக்குப் பயந்ததைவிட, ரத்தத்துக்குப் பயந்ததைவிட, அந்த முகத்துக்குப் பயந்தாள்.

"குழந்தைதானே, தெரியாம எதையோ எடுத்து..." என்று ஆரம்பித்தார் பிளம்பர்.

"இல்ல" என்றாள் தையல்காரி. "நான்தான் சொன்னேன். கோழிக்கு அடியில இருக்கறது எல்லாமே உனக்குத்தான்னு நான்தான் சொன்னேன். அடியில என்ன இருக்குன்னு பாக்கல. என் மூக்குக்கும் தெரியல. அஞ்சுல ஒண்ணக் காணோம்."

திட்டியிருந்தால் தேவலை. நாத்தனார் "தள்ளுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி, மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் முதுகைத் தடவினாள். எத்தனை சாப்பிட்டாய், எத்தனை சாப்பிட்டாய் என்று எல்லாரும் குடைந்து எடுத்திருந்தார்கள். பெற்றவள் அதைக் கேட்கவில்லை. இது பிடிக்காததையெல்லாம் அடுத்தவர் தட்டில் நைசாகத் தள்ளுகிற பிறவி என்று அவளுக்கல்லவா தெரியும்?

"அந்த வெள்ளை முட்டை நல்லாவே இல்லல்ல? யாருக்குக் குடுத்தே?"

"உவ்வே" என்றது பட்டாணி. "ஒண்ணு துப்பிட்டேன். ஒண்ணு அத்தை டீல போட்டேன். அத்தை குடிச்சிட்டாங்க."

தையல்காரி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். குடித்தாள்தான். மிஷின் பக்கத்தில் ஆறிப்போயிருந்த டீயை, தைத்துக்கொண்டே, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டாள். ருசி ஒரு மாதிரிதான் இருந்தது. பால் சரியில்லை என்று நினைத்தாள்.

பிளம்பர் மாற்றுச் சாவி வைத்திருக்கும் கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டார். அந்த அக்கா மாடி ஏறிப் போய்ப் பாத்திரத் தொட்டியைப் பார்க்கிற வரைக்கும் எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டம்ளர் அடியில வெள்ளையா ஒண்ணு கிடக்குப்பா" என்றது போன். "கிட்டப் போக முடியல, அந்த நாத்தம். என்ன கருமம் இது?"

நாத்தனார் மகளை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு ஒரு கையை நீட்டி அண்ணியையும் இழுத்துக்கொண்டாள். "இனிமே உங்க டீய நான் மோந்து பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. தையல்காரிக்கு அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. குழந்தைக்கு இல்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீ குடித்தவருக்கும் ரத்தம் பார்த்தாக வேண்டும், ராத்திரி இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருத்தி கையில் சீட்டோடு உள்ளே வந்து, அழுகிற பெண்ணையும் மடியில் இருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்துருண்டை உள்ள போனது யாருக்கு?"

"எனக்கு" என்றாள் தையல்காரி. பரிசு விழுந்தவள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்குத்தான் சிஸ்டர். எனக்கு மட்டும்தான்."