சபூரா கடலில் இறங்கிய காலை

சபூராம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. கோட்டைப்பட்டினத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, கடலுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவள். இத்தனை வருடத்தில் கணுக்கால் நனைந்ததற்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அவளுக்குக் கடல் என்பது கூடையில் வீட்டுக்கு வருவது.

கணவர் மலேசியாவில் ஓட்டல் சமையல்காரர். கொரோனாவில் இறந்து அங்கேயே அடக்கமானார். மகன் போனில் காட்டிய மண்மேட்டைத்தான் அவள் பார்த்தாள். வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் கழிந்து, வருடங்களும் போயின. அவள் வாசலைத் தாண்டுவது அபூர்வமாகிவிட்டது. அழுகை வரவில்லை. நெஞ்சில் குழவிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல் மூச்சு முட்டும். அறந்தாங்கிக்குப் போய் ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்றார்கள்.

தினமும் மீன் கொண்டுவரும் மீன்காரி அடைக்கலம்தான் அவளை விடவில்லை.

"புயல் பாதுகாப்புக் கட்டடத்துல வியாழக்கெழமையானா ஒரு பொண்ணு வருதுக்கா. திருச்சிப் பொண்ணு, ஷர்லின்னு பேரு. பொம்பளைங்கள மட்டும் கூட்டி வச்சு கைய கால அசைக்கச் சொல்லுது. வாங்க, போவோம்."

"ஆட்டமா? இந்த வயசுலயா?"

"ஆட வேணாம். சேர்ல உக்காந்து பாருங்க. எனக்காக வாங்க."

மூன்று வாரம் சபூரா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். போர்த்திய வெள்ளைத் துப்பட்டிக்குள் கைகளை மடக்கி வைத்திருந்தாள். ஷர்லி பாட்டு எதுவும் போடவில்லை. மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்தவும், விடும்போது இறக்கவும் சொன்னாள். பிறகு, மனதில் இருப்பதை வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்லச் சொன்னாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அடைக்கலம், தலையில் இல்லாத கூடையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான் செய்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சபூராவுக்கு ஏனோ பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. அடுத்த வாரம் கடலுக்குள் நின்று செய்யலாம் என்றாள் ஷர்லி. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடைக்கலத்தின் கணவன் ஆத்மநாதன் முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்குப் போகிறவன். அவன் சொன்னான்: "நம்ம கடல் ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவுதான். நான் வள்ளத்தோட பக்கத்துல நிக்கிறேன். பயப்படாம வாங்க."

வியாழக்கிழமை, விடியற்கால சுபுஹு தொழுகை முடித்து, சபூரா கரையில் நிற்க மட்டும்தான் போனாள். பதினொரு பெண்கள் கட்டிய துணியோடு தண்ணீருக்குள் நடந்தார்கள். அலையே இல்லை. சூரியன் அப்போதுதான் கடலை விட்டு எழுந்திருந்தது.

"அக்கா, முழங்காலு மட்டும்," என்று அடைக்கலம் திரும்பி வந்து கையை நீட்டினாள்.

முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு. அடியில் சேறு வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கப்பால் கடல்தாழைப் புல், வயலில் நாற்றுப்போல, பாதத்தில் படர்ந்தது. சபூரா குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் அந்தப் பச்சை, கண்ணுக்கெட்டிய வரை போய்க்கொண்டே இருந்தது. தன் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வெளி இருப்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அப்போது வள்ளத்திலிருந்து ஆத்மநாதன் தாழ்ந்த குரலில் சொன்னான். "யாரும் அசையாதீங்க. ஆவுளியா."

பதினைந்தடி தூரத்தில் தண்ணீர் கலங்கியது. வள்ளத்தில் பாதி நீளத்துக்கு அந்தக் கடல்பசுவின் சாம்பல் முதுகு மேலே வந்தது. மழுங்கிய மூக்கு, அதில் இரண்டு துளை. அவை திறந்து நீண்ட மூச்சு வந்தது. மாடு தொழுவத்தில் விடுகிற மூச்சு மாதிரியே இருந்தது. அதன் விலாவை ஒட்டி, சின்ன மூக்கு ஒன்றும் எழுந்து, அவசரமாக ஒரு மூச்சு விட்டு அமிழ்ந்தது.

"சுபுஹானல்லாஹ்," என்றாள் சபூரா. அவளுக்கே கேட்காத குரலில்.

தாயும் குட்டியும் கீழே தாழையை மேய்ந்தன. சில நிமிடம் கழித்து மறுபடி எழுந்தன. தாயின் மூக்கு மேலே வரும்போது சபூராவின் கைகள் துப்பட்டியை விட்டு, தாமாகவே தண்ணீரிலிருந்து உயர்ந்தன. அது மூச்சு விட, இவளும் விட்டாள். கைகள் இறங்கின. ஒவ்வொருவராக எல்லாப் பெண்களின் கைகளும் உயர்ந்து தாழ்ந்தன. பன்னிரண்டு பெண்களும் அந்த இரண்டு உயிரும் மட்டும் உலகத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. வள்ளத்தில் ஆத்மநாதன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான்.

மூன்றாம் முறை அவை தூரத்தில் எழுந்தன. பிறகு வரவில்லை. வேரோடு பிடுங்கின தாழை கொஞ்சம் மிதந்து வந்தது. சபூராவுக்கு அழுகை வந்தது, மூச்சை இழுத்து இழுத்து. அடைக்கலம் அவள் முதுகுக்கடியில் உள்ளங்கைகளைக் கொடுத்துத் தண்ணீரின் மேல் சாய்த்தாள். காது தண்ணீருக்குள் போனதும் ஊர்ச் சத்தம் எல்லாம் அடங்கியது. மேலே வானம் மட்டும் இருந்தது.

கரையில் ஆத்மநாதன் மனைவியிடம் சொன்னான். "வலையில செத்துக் கெடந்ததத்தான் ஒருவாட்டி பாத்திருக்கேன். உசுரோட இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மகன் அன்று போனில் கேட்டான். "உம்மா, நீங்களா கடல்ல எறங்குனீங்க?"

"ஆமாப்பா."

"பயமா இல்லையா?"

அவள் யோசித்தாள். "இருந்துச்சு. ஆனா அது நம்ம பயம் மாதிரி இல்லப்பா. பெருசா ஒண்ணு பக்கத்துல வந்து நின்னா வருமே, அது மாதிரி. சொல்லத் தெரியல."

நெஞ்சுப் பாரம் போய்விட்டது என்று சபூரா யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை அவளே அடைக்கலத்தின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அன்று இருபத்தாறு பெண்கள் வந்திருந்தார்கள். ஆவுளியா வரவில்லை. வெயில் ஏறும்வரை யாரும் கரையேறவுமில்லை.