பதினேழாம் எண் மனை

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. எங்கள் பழனாத்தாள் நகர் உருவாகி இருபது வருடம் ஆகிறதென்று சிறப்பு மலர் போடுகிறார்கள். சங்கத் தலைவர் பாலுசாமி அண்ணன், "நகர் வரலாறு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க வேலுமணி, உங்களுக்குத்தான் கையெழுத்தும் நல்லா வரும்" என்றார். நாளைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு பக்கம் எழுதி முடித்தும்விட்டேன். அதில் 1993-க்கு ஒரு வரிதான் இருக்கிறது: "அவ்வாண்டில் மூன்றாம் வீதியில் பூங்கா அமைக்கப்பட்டது." அந்த வரிக்குள் என்ன கிடக்கிறது என்று இங்கே தனியாக எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்கம்: "திருச்சி சாலையில் பல்லடம் பஸ்ஸில் வந்து இறங்கினால், அன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளக்காடு..."

(இது மலருக்கான குரல். அடித்துவிட்டேன்.)

மறுபடியும்: 1979-ல் பதினோரு ஏக்கர் காட்டை மனை பிரித்து விற்றார்கள். காட்டுக்காரர் தன் அம்மாவின் பெயரை வைக்கச் சொன்னார். முதல் வீதியில் மில்காரர்கள், இரண்டாம் வீதியில் என்னைப் போலப் பம்பு கம்பெனி ஆட்கள், மூன்றாம் வீதியில் வாத்தியார்கள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற வீட்டு அண்டாக்களெல்லாம் அங்கே போய்விடும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில், ஊருக்குப் போனவர்கள் வீட்டுத் தொட்டியையும் பக்கத்து வீட்டார் நிரப்பி வைப்பார்கள். ஒற்றுமையான நகர் என்று வெளியில் பெயர். பொய்யில்லை. அந்த ஒற்றுமை ஒரே ஒரு காலையில் என்ன செய்தது என்பதுதான் மலரில் இல்லை.

3

மூன்றாம் வீதி முனையில் ஒரு மனை வெகுநாள் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தினோம். அதுதான் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமென்று யார் முதலில் சொன்னார்களோ, எல்லோரும் நம்பினோம்.

1993 சித்திரையில் நரசிம்மலு வந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட மனைவி பங்காரம்மா. கையில் அந்த மனையின் பத்திரம். பூசை போட்டு, அஸ்திவாரம் தோண்டி, கல் இறக்கினார்கள்.

சங்கம் கூடியது. "பார்க் இடத்த எவனோ போலிப் பத்திரத்துல வித்துப்போட்டான்" என்றார் பாலுசாமி அண்ணன். "வேலுமணி, நீங்க கம்பெனில டிராயிங் போடறவரு. டவுன் பிளானிங் ஆபீசுல போயி, மனை பிரிச்ச லேஅவுட் படத்தோட நகல் வாங்கிட்டு வாங்க. படத்தக் காட்டுனா ஆளு ஓடிருவாரு."

போனேன். படம் கிடைத்தது.

(இங்கே "எனக்குச் சரியாக விளங்கவில்லை" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அப்போதே பதினாலு வருடம் வரைபடம் போட்டுச் சோறு தின்றிருந்தவன் நான்.)

மூன்றாம் வீதி முனை, விற்பனை மனை என்றே இருந்தது. பூங்கா என்று எழுதியிருந்த இடம் இரண்டாம் வீதியில், பதினேழாம் எண். என் வீடு. மனை விற்றவர் பூங்காவையும் சேர்த்து என்னிடம் விற்றுவிட்டு, போய்ச் சேர்ந்திருந்தார்.

நகலை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பாலுசாமி அண்ணனிடம், "ஃபைலே காணோமாமுங்க" என்றேன்.

4

அடுத்த ஞாயிறு காலை அறுபது எழுபது பேர் போனோம். கடப்பாரை யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தவன்.

கற்களைப் பெயர்த்து வீதியில் உருட்டினார்கள். பங்காரம்மா மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தார். நரசிம்மலு யாரையும் தடுக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, நீங்க படம் பாக்கத் தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. ஆபீசுக்குப் போனீங்களாமா. படத்தப் பாத்தீங்களா?"

கடப்பாரைகள் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறந்தால் அந்தக் கடப்பாரைகள் எந்த வீதிக்குத் திரும்பும் என்று நினைத்தேன். வீட்டில் என் மகள் லோகப்பிரியாவுக்கு அப்போது மூன்று வயது.

"பாக்கலீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனார். அப்புறம் வரவே இல்லை. ஆடி பிறக்குமுன் ஊஞ்சல் வந்தது, சிமெண்ட் பெஞ்சு வந்தது. ரிப்பன் வெட்டச் சொல்லி என்னிடம்தான் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

5

முடிவுக்கு இரண்டு வழி யோசித்தேன். ஒன்று: வேலுமணி சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான், சனங்கள் வாயடைத்து... (நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இதுவரை படித்த உங்களுக்கே தெரியும்.) இரண்டு: நரசிம்மலு வக்கீலோடு திரும்பி வருகிறார். அதை எழுதாமலே விட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு சத்தியமங்கலம் போனேன். நரசிம்மலுவும் பங்காரம்மாவும் அங்கே தங்கள் மகள் வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். நரசிம்மலு இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பங்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

சொல்லிவிட்டேன். நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியுமுங்க" என்றார். "கல்லப் பேத்த அந்த வாரமே அவரும் ஆபீசுக்குப் போயிப் படத்தப் பாத்துப்போட்டாரு."

"அப்புறம் ஏனுங்கம்மா கேஸ் போடல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'படத்தக் காட்டுனா அதே கூட்டம் நாளைக்கு அந்தாளு ஊட்டுக்குப் போகும். உள்ள சின்னக் கொளந்த இருக்குது' அப்படீன்னாரு. கல்லு உருட்டுனத அவரால மறக்க முடியலீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு உங்கள உட்டுட்டாரு. நான் உடல. எங்களுக்குன்னு ஒரு ஊடு இல்லாமயே அவரு போயிட்டாரு. அத நீங்க தெரிஞ்சுக்கோணும். காப்பி குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன்.

6

இதுவரை எழுதியதைக் கீதா மேசையிலிருந்து எடுத்துப் படித்தாள். என் மனைவி. வீடு போய்விடுமா என்று கேட்பாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"நகல் பீரோவுல பத்திர உறைக்குள்ள இருக்குது. நான் அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றாள். "அவரு உங்களக் கேட்டப்போ நான் பொம்பளைங்களோட பின்னால நின்னுட்டிருந்தேன். நானும் வாயத் தொறக்கல. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

(திங்கள், காலை ஒன்பது மணி.) கேட்டுக்கு வெளியே பாலுசாமி அண்ணனின் மொபெட் நிற்கும் சத்தம். "ஏனுங்க வேலுமணி, எழுதியாச்சுங்களா?"

மேசையில் இரண்டு கட்டுக் காகிதம். ஒன்று மலருக்கு எழுதிய வரலாறு. மற்றது இது. "வாரேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுக் கீதாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. உங்கள் வீடு எந்த எண்ணில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எழுந்து போய் எந்தக் கட்டைக் கொடுப்பதென்று நீங்கள் எழுதுங்கள். அவர் வெளியில் வெயிலில் நிற்கிறார்.